பயனில சொல்லாமையும் சமூக ஊடகமும்

திருக்குறளின் அதிகார வைப்புமுறை பற்றி உரையாசிரியர் எழுதியவற்றை நம் மாணவர் பெரும்பாலும் தேர்வுக்குரிய செய்தியாகவே கொள்கின்றனர். இன்ன அதிகாரத்தின்பின் இன்ன அதிகாரம் ஏன் வந்தது என்னும் வினா, வாழ்க்கையோடு தொடர்பற்ற புலமை விளையாட்டு என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், இன்று கற்றோர் மல்லாதோரும் ஒருங்கே பேசும் ஒரு சிக்கலுக்கு அவ்வைப்புமுறையே தக்கதொரு விளக்கம் தருகின்றது என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சிக்கலாவது, முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் முதலிய சமூக ஊடகங்களிலே நாம் செலவிடும் காலத்தைச் சுருக்குதல் நம் நல்வாழ்வுக்கு உதவுமோ என்பது. உதவும் என்பாரும் உளர். வீண் அச்சம் என்பாரும் உளர். இருசாராரும் தத்தம் கட்சியை மிகைபடக் கூறுகின்றனர் என்பதே எம் துணிபு.

அறத்துப்பாலின் இல்லறவியலிலே 17 ஆம் அதிகாரம் அழுக்காறாமை, 18 ஆம் அதிகாரம் வெஃகாமை, 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை, 21 தீவினையச்சம். இவ்வைந்தும் ஒரு தொடராக நிற்கின்றன. முதலிரண்டும் மனத்தின்கண் நிகழும் குற்றங்கள். அடுத்த இரண்டும் மொழியின்கண் நிகழ்வன. இறுதியிலுள்ளது மெய்யின்கண் நிகழ்வது. மொழிக்குற்றம் மனக்குற்றத்தை அடியாகக் கொண்டே பிறக்கும் என்பதால் புறங்கூறாமை பின் வைக்கப்பட்டது என்னும் பொருள்படப் பரிமேலழகர் விளக்குவர். ஆகவே இஃது எண்ணிக்கை வரிசையன்று, காரணகாரிய வரிசை. உள்ளத்திலே தோன்றிய பொறாமை சொல்லாகி, சொல் செயலாகி முடியும் வழியினைப் படிப்படியாகக் காட்டும் ஒரு வரைபடம் எனலாம்.

இவ்வரைபடத்தைக் கையிற் கொண்டு சமூக ஊடகத்தை நோக்குவோம். அங்கே முதலிற் கண்ணிற் படுவது பிறர் வாழ்வின் காட்சி. கொழும்பிலே ஒருவர் கட்டிய புதுமனை, கனடாவிலே ஒரு வகுப்புத் தோழர் வாங்கிய கார், இலண்டனிலே நடந்த திருமணத்தின் பட்டுச்சேலை வரிசை ஆகியவையெல்லாம் நள்ளிரவிலே களுவாஞ்சிக்குடியில் ஒரு சிறிய வீட்டின் திண்ணையில் இருப்பவனுடைய உள்ளங்கைக்குள் வந்து நிற்கின்றன. முன்பு அயலான் ஒருவனைக் கண்டே பொறாமை பிறந்தது. அவ்வயலானுடைய கடனும் நோயும் குடும்பப் பூசலும் காண்பானுக்குத் தெரிந்திருந்தன. அவ்வறிவு பொறாமைக்கு ஓரளவு மருந்தாகவும் இருந்தது. இன்றோ காட்சி மட்டும் வருகின்றது, கடன் வருவதில்லை. படம் இடுவோன் தன் நாளின் மிகச் சிறந்த கணத்தை இடுகின்றான். பார்ப்போன் தன் நாளின் மிகச் சோர்ந்த கணத்தில் அதனைப் பார்க்கின்றான். பொறாமை உடையானுக்குக் கேடு செய்ய வேறு பகைவர் வேண்டா என்று வள்ளுவர் கருதினார். ஊடகத்தின் முன் இருப்போர் பலர் தாமே தமக்குப் பகையாகும் நிலை இவ்வாறு உண்டாகின்றது. கண்டதைத் தனக்கும் வேண்டுமென அவாவுதல் இதன் அடுத்த படி. வணிக விளம்பரம் அவ்விடத்திலேதான் காத்திருக்கின்றது.

மூன்றாவது படி புறங்கூறல். முன்னே சிரித்துப் பின்னே பழித்தலையே வள்ளுவர் மிகக் கடிந்தார். பழிக்க வேண்டின் நேர்நின்று பழிப்பது அதனினும் மேல் என்பது அவர் குறிப்பு. சமூக ஊடகத்திலே ஒரு விந்தை நிகழ்ந்திருக்கின்றது. அங்கே பழிப்பவன் நேரே நிற்பதுபோலத் தோன்றுகின்றான். ஆயின் முகம் காணப்படுவதில்லை. பழிக்கப்பட்டவனின் கண் கலங்குதலும் நா வறளுதலும் பழிப்பவனுக்குத் தெரிவதில்லை. 71 ஆம் அதிகாரமாகிய குறிப்பறிதலும் 72 ஆம் அதிகாரமாகிய அவையறிதலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை ஈண்டு நினையத்தக்கது. கேட்போன் முகத்தைப் படிக்க அறிந்தவனே அவையை அறிவான். ஊடகத்திலோ முகமும் இல்லை. அவைக்கு எல்லையும் இல்லை. தாயும் ஆசிரியரும் பகைவனும் அறியா அயலானும் ஒரே அவையில் இருக்கின்றனர். எந்த அவைக்குப் பேசுகின்றோம் என்று தெரியாமற் பேசுவோன் எல்லா அவைக்கும் பொருந்தாத சொல்லையே பேசுவான். இது பேசுவோனின் ஒழுக்கக் குறையாலன்றி அக்கருவியின் அமைப்பாலேயே விளைவதாகும்.

நான்காவதாகிய பயனில சொல்லாமையே நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகம். இவ்வதிகாரத்திலே வள்ளுவர் காட்டும் சினம் வியப்பூட்டுவது. இன்னாத சொல்லைச் சான்றோர் சொல்ல நேரினும் நேர்க. பயனற்ற சொல்லை அவர் சொல்லாதிருத்தல் நன்று என்பது அவர் கொண்ட முடிபு. வீண்சொல்லைப் போற்றுவோனை மனிதருட் பதர் என்று எண்ணுமாறும் கூறுகின்றார். மட்டக்களப்பின் எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் உழவுக்குடியிற் பிறந்தோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். சூட்டுக்களத்திலே நெல்லும் பதரும் ஒரே நிறம், ஒரே வடிவம். காற்றிலே தூற்றினாலன்றி இரண்டையும் பிரித்தல் அரிது. ஊடகத்திலே நம் முன் விழும் செய்திகளும் அத்தகையனவே. ஒரு மரண அறிவித்தல், ஒரு பொய், ஒரு நகைத்துணுக்கு, ஒரு மருத்துவக் குறிப்பு ஆகியன ஒரே அளவில், ஒரே எழுத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தூற்றுதற்கு வேண்டிய காற்றாகிய இடைவெளி மட்டும் அங்கே இல்லை.

ஐந்தாம் படியாகிய தீவினையை நாம் நூலிலே தேடவேண்டியதில்லை. நம் அயல் மாவட்டமாகிய அம்பாறையிலே 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் நிகழ்ந்ததை மறத்தல் கூடாது. முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவினுள் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தி எழுந்தது. அச்சுறுத்தப்பட்ட ஒருவரிடம் பெற்ற ஒளிப்பதிவு முகநூல் வழியே பரவிற்று. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வு, உணவில் அத்தகைய மருந்தெதுவும் இல்லை என்று கூறிற்று. உண்மை வந்து சேருமுன் தீங்கு நிகழ்ந்துவிட்டது. மார்ச்சுத் தொடக்கத்திலே கண்டி மாவட்டத்தின் திகனை, தெல்தெனியப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு அவசரகால நிலையை அறிவித்ததோடு முகநூல் முதலியவற்றையும் ஒரு வாரமளவு முடக்கிற்று. அவ்வன்செயலிலே தன் தளம் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டு வருத்தம் தெரிவித்தது. உள்ளத்தில் இருந்த ஐயம் சொல்லாயிற்று; சொல் தீயாயிற்று. தீவினை நெருப்பினும் அஞ்சத்தக்கது என்னும் கருத்து அங்கே உவமையாக நில்லாமற் செய்தியாகவே ஆயிற்று.

இனி, தடைக்கும் அடக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்திக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலே குழந்தைகள் உட்படப் பலர் குண்டுவெடிப்பில் மாண்டனர். அன்றே சமூக ஊடகங்கள் நாடெங்கும் முடக்கப்பட்டன. வதந்தியைத் தடுத்தல் நோக்கமாயினும், உறவினர் உயிரோடிருக்கின்றாரோ என்று அறிய விழைந்தோர்க்கும் அவ்வழி அடைபட்டது. மாற்றுவழி அறிந்தோர் தடையைக் கடந்து சென்றனர், அறியாதோரே அடைபட்டனர். 2022 ஏப்ரலிலே மக்கள் கிளர்ச்சியின்போதும் இத்தகைய தடை வந்து, அன்றே நீக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பேச்சுரிமை பற்றிய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பிறர் நம் வாயை மூடுதல் வேறு. நாமே நம் வாயைக் கட்டிக்கொள்ளுதல் வேறு. மண்டூர் முருகன் ஆலயத்திலே பூசை செய்வோர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை இயற்றும் வழக்கினை நம்மவர் அறிவர். அத்துணியை வேறொருவர் கட்டியிருப்பின் அது தண்டனை. தாமே கட்டியதால் அது வழிபாடு. சமூக ஊடகத்தைச் சுருக்குதல் பற்றி நாம் பேசும்போது இவ்விரண்டாம் வகையையே கருதுகின்றோம்.

அச்சுருக்கம் உண்மையிற் பயன் தருமோ? வெறும் அறவுரையால் இதனை நிறுவ இயலாது. சோதனை முடிபுகளையும் நோக்கல் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே 143 மாணவரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்று 2018 இல் வெளிவந்தது. ஒரு சாரார் முகநூல், இன்ஸ்டகிராம், ஸ்நப்சாட் மூன்றையும் நாளொன்றுக்குத் தளத்துக்குப் பத்து நிமிடமாக, மூன்று வாரம் சுருக்கினர். அவர்தம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. சுருக்காத மற்றைச் சாராரிடத்தும் பதற்றம் ஓரளவு குறைந்தது. தம் பயன்பாட்டைத் தாமே கவனித்து வந்தமையால் அது நேர்ந்திருக்கலாமென ஆய்வாளர் கருதினர். தன் குற்றத்தைப் பிறர் குற்றம்போல நோக்கினால் தீது வருமோ என்னும் கருத்தோடு புறங்கூறாமை அதிகாரம் முடிவதை இதனோடு ஒப்புநோக்குக.

மற்றோர் ஆய்வு பொருளியலாளர் அல்கொட், கெந்த்ஸ்கோ முதலியோர் செய்தது; 2020 இல் வெளியாயிற்று. 2018 ஆம் ஆண்டு அமெரிக்க இடைத்தேர்தலுக்கு முந்திய நான்கு வாரம் முகநூலை முற்றும் விட்டோரிடம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிஞ்சிற்று. குடும்பத்தினரோடும் நண்பரோடும் அவர் கூடுதலாகக் கலந்தனர்; தனித்திருந்து தொலைக்காட்சி பார்த்தலும் கூடிற்று. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது, கட்சிப்பிளவு குறைந்தது. ஆயின் நாட்டுநடப்பு பற்றிய அறிவும் குறைந்தது. சோதனை முடிந்த பின்னும் பலர் முன்போல் அதனிடத்துச் செல்லவில்லை.

எதிர்க்கட்சியாரின் சான்றையும் மறைத்தல் ஆகாது. ஓர்பன், ஷிபில்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் மூன்று இலட்சத்து ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இளையோர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 2019 இல் கண்ட முடிபு வேறு. இளையோர் நல்வாழ்வின் ஏற்றத்தாழ்வில் மின்னியற் கருவிகளின் பயன்பாடு விளக்கும் பங்கு 0.4 வீதத்துக்கு மேற்படாது என்றனர். உருளைக்கிழங்கு உண்ணுதலோடும் அதனை ஒப்பிட்டனர். ஆதலின் இளந்தலைமுறை முழுவதும் கைப்பேசியால் அழிந்தது என்று மேடையேறிப் பேசுதல் தானே ஒரு பயனில சொல்லாகும். போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட இம்மண்ணிலே, வறுமைக்கும் பிரிவுக்கும் உரிய துயரையெல்லாம் கைப்பேசியின்மேற் சுமத்துதல் முறையன்று. ஆயினும் பெருந்தொகையின் சராசரி தனியொருவனின் நோயை அளப்பதில்லை. சராசரியிலே சிறிதாய் இருப்பது ஒருவனுக்குப் பெரிதாகவும் மற்றொருவனுக்கு இல்லாததாகவும் இருத்தல் கூடும்.

மற்றுமொரு மறுப்பு இதனினும் வலிது. குறள் கூறும் அடக்கம் சொல்வோன் ஒருவனை நோக்கியது. ஊடகத்திலோ சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் இருக்கின்றான். அவன் நம் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்று வாழ்பவன். முகநூலிலே 2017 முதற் சில காலம் சினக்குறி முதலிய உணர்ச்சிக்குறிகளுக்கு விருப்பக்குறியினும் ஐந்து மடங்கு மதிப்புத் தரப்பட்டதென 2021 இல் வெளியான அந்நிறுவன ஆவணங்கள் காட்டின. சினமூட்டும் சொல் மேலே மிதக்கும்படி களமே சாய்க்கப்பட்டிருக்கும்போது, வழுக்கி விழுந்தவனை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியோ? அன்று. இவ்விடத்திலே குறளின் எல்லையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வீண்சொல் பேசுவோனைப் பதர் என்ற வள்ளுவர், பதரை விலைக்கு வாங்கி நெல்லென அளக்கும் வணிகனைக் கண்டாரல்லர். அவ்வணிகனை நெறிப்படுத்துதல் அரசின் கடன். அவுஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டோர் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்கும் பொறுப்பை 2025 டிசம்பர் 10 முதல் நிறுவனங்களின்மேலேயே சுமத்தியுள்ளது. அதன் பயனைக் காலம் காட்டும். எனினும் அரசு செய்யும்வரை நாம் வாளாவிருத்தல் அறிவுடைமையன்று. நுளம்பை ஒழித்தல் நகரசபையின் வேலை என்பதற்காக நுளம்புவலை கட்டாது உறங்குவார் யாவர்?

மூன்றாவது மறுப்பு பயன்பாடு பற்றியது. மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் முகத்தைக் காண்பது இக்கருவியினாலேயாம். மாரிகால வெள்ளத்திலே எந்த வீதி மூழ்கிற்று என்று அறிவதும் இதனால். உண்மையே. அதனாலேதான் துறத்தலைக் கூறாது சுருக்குதலைக் கூறுகின்றோம். அத்தாய் மகளோடு பேசும் அரைமணி நேரம் பயனுள்ள சொல். அதன்பின் உறக்கம் வராது விரலாற் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் இரண்டு மணி நேரமே நாம் கருதுவது.

தீவினையச்சத்தின்பின் 22 ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதல் வருகின்றது. மனமொழிமெய்களால் தவிரத்தக்கவற்றைக் கூறியபின் செய்யத்தக்கவற்றைக் கூறப் புகுந்தார் என்ற கருத்துப்பட உரையாசிரியர் இயைபு காட்டுவர். இஃது ஆழ்ந்த உண்மை. விலக்குதல் பாதி, அவ்விடத்தை நிரப்புதல் மறுபாதி. மிஞ்சிய ஒரு மணி நேரத்திலே தனித்துத் தொலைக்காட்சி முன் அமர்வோன் ஒரு திரையை விட்டு மற்றொரு திரையைப் பற்றியவனாவான். அயல்வீட்டு நோயாளியைப் பார்க்கச் செல்வோனே அந்நேரத்தைப் பெற்றவனாவான்.

மேலும், விட்ட இடத்தை நிரப்பத்தக்க செல்வம் ஒன்று நம் வாவிக்கரையிலேயே உண்டு. அது கேள்வி. 1848 ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் தென்னன்ட் நிலவொளியிலே ஓடமேறி வாவியினுள்ளிருந்து எழும் மெல்லிய இசையைக் கேட்டதாகத் தாம் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே எழுதினார். ஓடத்தின் மரத்திலே செவியை வைத்தபோது ஒலி பெருகிற்று என்பதும் அவர் குறித்தது. நம் மீனவரும் தண்டின் ஒரு நுனியை நீரிலே ஆழ்த்தி மறுநுனியிற் செவி வைத்துக் கேட்பர். அவ்விசை மீனினதோ ஊரியினதோ என்னும் வழக்கு ஒருபுறமிருக்க, கேட்டற்கு வேண்டியவை மூன்று: அமைதி, நேரம், வேறெதனையும் நாடாத செவி. காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளார் இவ்வாவியின் இசையைப் பாடினார்; பழந்தமிழ் யாழின் மறைந்த இசையைத் தேடி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலைத் தந்தார். ஐந்து நிமிடத்துக்கொருமுறை பிறர் அழைக்க எழுந்து சென்றிருப்பின் அந்நூல் நமக்குக் கிடைத்திராது.

இக்கட்டுரையாளனும் குற்றமற்றவன் அல்லன். மாணவர் விடைத்தாள்களைத் திருத்தும்போது நான்கு தாளுக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்ததைத் தானே எண்ணிக் கண்டு நாணியவன். அதன்பின் கொண்ட விதிகள் மூன்று, எளியவை. உறங்கும் அறைக்குள் கைப்பேசி வருதல் கூடாது. அறிவித்தல் ஒலிகளுள் மனிதர் அழைக்கும் ஒலி ஒன்றே எஞ்சுதல் வேண்டும். உறுதிப்படுத்தாத எச்செய்தியையும், அது நம்மவர்க்குச் சார்பாயினும், ஓரிரவு கழியாமற் பிறருக்கு அனுப்புதல் கூடாது. முதலிரண்டும் தன்னலத்துக்கு, மூன்றாவது அம்பாறையை நினைந்து கொண்டது.

நான்காவது ஒன்றை மாணவருக்கும் பழைய மாணவருக்கும் முன்வைக்க விரும்புகின்றோம். மாதந்தோறும் போயா நாள் நாடெங்கும் விடுமுறை. நம்மவருட் பலருக்குப் பூரணை விரதநாளுமாகும். உணவைச் சுருக்குதற்குரிய அந்நாளிலே ஊடகத்தையும் சுருக்கிப் பார்த்தல் அரிதன்று. அன்றிரவு கல்லடிப் பாலத்தருகே சென்று செவிகொடுப்போர்க்கு மீன் பாடுமோ பாடாதோ, அறியோம். அருகில் நிற்பவர் பேசுவதாயினும் கேட்கும்.